பாரெண்ட் அடைத்த தோட்டாக்கள்

மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்த பிறகு, ஜூன் தொடக்கத்தில் ஒரு குளிர்காலக் காலையில் பாரெண்ட் தன் அப்பாவின் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி என் பண்ணைக்கு எடுத்துவந்தான். அடுக்களை மேஜைமேல் அதை வைத்துவிட்டு, கேட்காமலே காபியை ஊற்றிக்கொண்டான். நாற்பது வருஷமாக என் நிலத்துக்கும் அவன் நிலத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு கம்பி வேலிதான். என்னைவிட எட்டு வயது மூத்தவன். அவன் தம்பி லூக்காஸ் அவனை ‘ஓபூட்’, அதாவது பெரியண்ணன், என்று கூப்பிடுவான். கேட்டுக்கேட்டு நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

“இதை நானூறு மீட்டருக்குச் சுடுற மாதிரி பண்ணிக் குடு, ஒக்கி,” என்றான்.

“இதையா? இது உங்கப்பா கடைசிக் காலத்துல ஊன்றிக்கிட்டு நடந்ததாச்சே. உன்னோட புதுசு என்னாச்சு, ஓபூட்?”

“இரவல் குடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“குடுத்திருக்கேன்னு சொல்றேன்ல. வரும்.”

பாரெண்ட் ஒரு திருப்புளியைக்கூட இரவல் கொடுக்கிறவன் இல்லை. துப்பாக்கியை உரிமக் காகிதம் இல்லாமல் கைமாற்றினால் எங்கள் நாட்டில் சிறை. இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். அவன் முகம் ஒரு மாதிரி இறுகியதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

தூரத்துக்குச் சுட வேண்டிய அவசியம் உண்மைதான். தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ வெளியில் அந்த வருஷம் ஆட்டுக்கே புல் இல்லை. அவன் பண்ணையில் முந்நூறு துள்ளுமான்கள் எஞ்சிய வேரையும் தோண்டித் தின்றுகொண்டிருந்தன. குளிர்காலம் முடிவதற்குள் பாதியையாவது குறைக்காவிட்டால் மானும் சாகும், ஆடும் சாகும். வழக்கமாகப் புதர் மறைவில் ஊர்ந்துபோய் நூற்றைம்பது மீட்டரில் சுடுவோம். இப்போது மறைய ஒரு புதர் இல்லை. மான்கள் எல்லாம் உப்புத்தரையின் நடுவில் போய் நின்றுகொண்டன. அங்கே எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் நானூறு மீட்டருக்கு முன்பே ஓடிவிடும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். துப்பாக்கி என் பங்கு, தோட்டா அவன் பங்கு. எனக்குக் கையில் கொஞ்சம் தச்சு வேலையும் இரும்பு வேலையும் உண்டு. தோட்டா அடைப்பதில் பாரெண்டுக்கு ஈடாக மாவட்டத்தில் ஆள் கிடையாது. பாதிப் பண்ணைக்காரர்கள் சுட்டுமுடித்த பித்தளைக் கூடுகளைப் பையில் போட்டு அவனிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவன் கழுவி, கழுத்தைச் சரிபண்ணி, அடியில் தீ மூட்டும் புது கேப் பொருத்தி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, குண்டு செருகி, பெட்டியின் மூடியில் தேதியும் எடையும் எழுதித் திருப்பிக் கொடுப்பான். அவன் தராசில் மருந்து நிறுக்கும்போது யாரும் கொட்டகைக்குள் போகக் கூடாது. “உன் மூச்சுலயே ஒரு மருந்துத் துணுக்கு பறந்துடும், வெளிய நில்லு,” என்பான்.

துப்பாக்கி மோசமான நிலையில்தான் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மௌசர். குழலுக்குள் செம்புக் கறை அரை அங்குலத்துக்கு ஒரு திட்டாகப் படிந்திருந்தது. மூக்கைக் குத்தும் கழுவு திரவத்தில் துணியை நனைத்து நனைத்து இழுத்தேன். முதல் மூன்று நாள் துணி மயில்கழுத்து நிறத்தில் வெளியே வந்தது, நான்காம் நாள் சாம்பல், ஐந்தாம் நாள் வெள்ளை. மரக்கட்டை எங்கேயோ ஈரம் குடித்து உப்பி, குழலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் தடையில்லாமல் ஓடுகிற வரைக்கும் சுரண்டி, அடியில் பிசின் வார்த்து உட்கார வைத்தேன். குழல் வாயில் ஒரு சின்ன நசுங்கல். அதைத் தேய்த்துச் சமன்படுத்தவே ஒரு முழுநாள் போயிற்று. எங்கள் டவுனான கார்னார்வனில் இருக்கும் பட்டறைக்காரர் குறிபார்க்கும் ஸ்கோப்புக்குத் துளை போட்டு, தோட்டா போடத் திறந்து மூடும் கைப்பிடியை வளைத்துக் கொடுத்தார்.

“இந்தக் காலத்து இரும்பு இல்ல இது,” என்று பாரெண்டே சொன்னான். “கேப்போ கூடோ கிழிஞ்சா வாயு நேரா சுடுறவன் மூஞ்சிக்குத்தான் வரும். நான் மருந்தைக் கொஞ்சம் கம்மியாவே போடுறேன். குண்டு மெதுவாப் போனா என்ன, போய்ச் சேர்ந்தா சரி.”

அவன் அதைச் சொன்ன விதத்தில் எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பேச்சு அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஜூலை முதல் வாரத்தில் அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் சுட்டுப் பார்த்தோம். இருநூறு மீட்டரில் மூன்று குண்டும் ஒரு காபித் தட்டுக்குள் விழுந்தன. நானூறில் இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டோம். காற்றாலையின் வாலைப் பார்த்துக் காற்றைக் கணக்குப் பண்ணி நான் சொல்ல, அவன் சுட்டான். டங் என்று சத்தம் மெதுவாகத் திரும்பி வந்தது. ஐந்துக்கு நான்கு. அந்தக் கிழத் துப்பாக்கியிடம் நான் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

பதினோராவது தோட்டா வேறு மாதிரி வெடித்தது. சத்தம் கூர்மையாக இருந்தது. கைப்பிடி திறக்கவில்லை. பாரெண்ட் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்துத்தான் திறந்தான். கூட்டை எடுத்துப் பார்த்தேன். கேப் தட்டையாக நசுங்கி, ஓரத்தில் கரி அடித்திருந்தது. உள்ளே அழுத்தம் மிஞ்சிப்போனதற்கு அது அடையாளம்.

“வெயில்ல கெடந்த தோட்டா,” என்றான்.

எங்கள் காலடியில் அப்போதும் உறைபனி வெள்ளையாக இருந்தது.

“மிச்சத்தைக் குடு, ஓபூட். கூட்டோட நீளத்தை ஒரு தடவை அளந்துடுறேன்.”

“எதுக்கு?”

“பழைய குழல். கூடு நீண்டிருந்தா நெருக்கும்.”

அவன் பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த ஒன்பது தோட்டாவிலும் குண்டைத் தட்டிக் கழற்றி மருந்தை நிறுத்தேன். ஆறு சரியாக இருந்தன. ஒன்றில் அளவு கூடுதல், ஒன்றில் குறைவு. ஒன்பதாவதில் மருந்தே வேறு. நரி சுடுகிற சின்னத் துப்பாக்கிக்குப் போடும் வேகமான மருந்து அது. மணி மணியாக, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். மற்றவற்றின் நீளமான துணுக்குகளோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கண் தெரிகிறவனால் முடியாது. நல்லவேளை, அதில் பாதி அளவுதான் விழுந்திருந்தது. பெட்டி மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அவன் கையெழுத்தில் மருந்தின் எடை மூன்று தடவை எழுதியிருந்தது. மூன்றும் மூன்று எண். எதையும் அடிக்கவில்லை.

என் மனைவி மரியா இறந்து ஆறு வருஷம் ஆகிறது, வீட்டில் சொல்ல ஆள் இல்லை. பாரெண்டிடம் எப்படிச் சொல்வது? “உன் மண்டை உன்னை விட்டுப் போகுது” என்று எந்த வாயால் சொல்வது? சனிக்கிழமை லூக்காஸ் வருகிறான். வேட்டை முடியட்டும், லூக்காஸோடு சேர்ந்து பதமாகப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் ஆபத்து வேண்டாம் என்று, அவனுடைய கூடுகளிலேயே நான் உட்கார்ந்து இருபது தோட்டா அடைத்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நிறுத்தேன். அவன் பெட்டியிலேயே அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

“ரெண்டு கூடு நீளமா இருந்துச்சு. மாத்திட்டேன்,” என்றேன்.

“நான்தான் சொன்னேனே,” என்றான்.

எல்சபியிடமாவது சொல்லலாம் என்று அடுக்களைக்குப் போனேன். அவள் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வருஷமாக அவன் மனைவி. தட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“அந்தப் பழைய துப்பாக்கி சுடுதா, ஒக்கர்ட்?”

“நல்லாச் சுடுது.”

அவள் தட்டை வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். “அப்படியா,” என்றாள். நானும் அவளும் ஒரே விஷயத்தைத்தான் ஒருவருக்கொருவர் மறைக்கிறோம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் உப்புத்தரையின் ஓரம் இருக்கும் கல்மேட்டில் மூன்று பேரும் குப்புறப் படுத்திருந்தோம். லூக்காஸ் ப்ளூம்ஃபொன்டைனில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வாய் ஓயாது.

“ஒக்கி, இதை நீயா சரி பண்ணினே? எங்கப்பா இதால ஒரு நரியைச் சுடப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரன் தண்ணித் தொட்டியைச் சுட்டாரு, தெரியுமா?”

“தொட்டி நின்னுக்கிட்டிருந்துச்சு. நரி ஓடிக்கிட்டிருந்துச்சு,” என்றான் பாரெண்ட். “மனுஷன் முடிஞ்சதைத்தானே சுடுவான்.”

மூவரும் சத்தம் வராமல் சிரித்தோம். மான்கள் நானூற்றுச் சொச்சம் மீட்டரில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றன. காற்று இல்லை. பாரெண்ட் கட்டையைத் தோளில் வைத்துப் பார்த்தான். குளிரில் விறைத்த விரல் விசையில் மடங்கவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுத் துப்பாக்கியைத் தம்பியிடம் தள்ளினான்.

“நீ சுடு. எனக்குக் கை வரலை.”

தோட்டாப் பெட்டி என் பையில் இருந்தது. லூக்காஸ் கையை நீட்டினான். நான் பையைத் திறப்பதற்குள் பாரெண்ட் தன் மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான்.

“இதைப் போடு. நேத்து அடைச்சது. புதுசு.”

நான் பெட்டியை வெளியே எடுத்து நீட்டினேன்.

“லூக்காஸ், இரு. பெட்டியில இருக்கிறதைப் போடு. அதுதான் நாங்க சுட்டுப் பார்த்தது.”

பாரெண்ட் தலையைத் திருப்பினான். அந்தப் பார்வையை நான் முன்பு பார்த்ததில்லை. கோபம் பாதி. மீதியில் ஒரு பயம் இருந்தது. தம்பிக்கு முன்னால் என்ன சொல்லப்போகிறாய் என்கிற பயம்.

“என் தோட்டாவுல என்ன குறை?”

“ஒக்கிக்குப் பொறாமை, ஓபூட்,” என்றான் லூக்காஸ். “அவனுக்கு ஒரு பெட்டி அடைச்சுக் குடுத்துடு, சரியாப் போகும்.”

“என்ன குறைன்னு கேட்டேன்.”

“ஒண்ணுமில்ல,” என்றேன்.

லூக்காஸ் தோட்டாவைப் போட்டுக் கைப்பிடியைச் சாத்தினான். கன்னத்தைக் கட்டையில் பதித்தான். மூச்சை உள்ளே இழுத்து, பாதியை வெளியே விட்டான். அவ்வளவு நேரமும் எனக்கு இருந்தது. அவன் முழங்கையைத் தட்டிவிட்டிருக்கலாம். கையை நீட்டினால் எட்டும் தூரம்.

வெடித்தது துப்பாக்கிச் சத்தம் மாதிரியே இல்லை. தகரத்தைக் கிழித்த மாதிரி இருந்தது. புகை முன்னால் போகாமல் அவன் முகத்தைச் சுற்றி நின்றது. அவன் அலறவில்லை. துப்பாக்கியை மெதுவாக, ஜாக்கிரதையாகக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, “ஒக்கி, எனக்குத் தெரியலை,” என்றான்.

கார்னார்வனுக்கு எழுபது கிலோமீட்டர் மண்சாலை. நான் ஓட்டினேன். பின்னிருக்கையில் பாரெண்ட் தம்பியின் தலையை மடியில் வைத்து, தன் கழுத்துத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்த வேலையைச் சரியாகவே செய்தான். ஆனால் பாதி வழியில், “யார் சுட்டாங்க இவனை?” என்று கேட்டான். ஊர் எல்லையில் மறுபடியும் கேட்டான். கண்ணாடியில் பார்த்தேன். லூக்காஸின் மிச்சக் கண் திறந்து அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து கிம்பர்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கேப் இருந்த இடத்தில் கூடு கிழிந்து, பித்தளைத் துணுக்கும் வாயுவும் நேராகப் போய்ப் பாய்ந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் எல்சபி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“எனக்கு ஜனவரியிலேயே தெரியும்,” என்றாள். “ஒரு நாள் செம்மறியை எல்லாம் பட்டியில அடைச்சுட்டு, மூணு நாள் தண்ணி காட்ட மறந்துட்டார். இன்னொரு நாள் என்னை அவங்கம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார். புதுத் துப்பாக்கியை நான்தான் எடுத்துக்கிட்டுப் போய் ஜார்ஜ் ஊர்ல மக வீட்டுப் பெட்டகத்துல பூட்டினேன். இவரு யாருக்கோ குடுத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டார். நானும் அப்படியே விட்டுட்டேன்.”

“பழசை ஏன் விட்டே?”

“அது சுடாதுன்னு நெனச்சேன், ஒக்கர்ட்.”

அதைச் சுட வைக்க ஐந்து வாரம் இழைத்த கை என் மடியில்தான் கிடந்தது. பிறகு அந்தப் பெட்டியைப் பற்றியும், மூன்று எண்களைப் பற்றியும், கல்மேட்டில் நான் சொன்ன ‘ஒண்ணுமில்ல’வைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. “நாம ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்,” என்று மட்டும் சொன்னாள்.

போலீஸ் வந்து துப்பாக்கியையும் மருந்து டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு போயிற்று. பாரெண்டுக்கு மறதி நோய் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். லூக்காஸ் புகார் கொடுக்க மறுத்தான். வழக்கு அதோடு நின்றது. ஆனால் பாரெண்ட் அடைத்த தோட்டாக்கள் மாவட்டம் முழுக்க இருந்தன. எல்சபியும் நானும் பதினோரு பண்ணைக்கு அலைந்தோம். ஒரு டப்பா மருந்து கெட்டுப்போயிற்று, தோட்டாக்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னோம். சிலர் கேள்வி கேட்டார்கள், சிலர் கேட்காமல் கொடுத்தார்கள். என் கொட்டகையில் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நானூற்றுப் பதினேழில் முப்பத்தொன்பது தப்பு. கழற்றிய மருந்தைப் பட்டிக்குப் பின்னால் மண்ணில் நீளமாகக் கொட்டி எரித்தேன். திறந்த வெளியில் அது வெடிக்காது, புஸ்ஸென்று ஒரு கோடாக எரிந்து போகும். எல்சபி வாயில் துணியைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.

லூக்காஸ் கட்டோடு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தான். “குறி பார்க்க ஒரு கண்ணை மூடத்தானே வேணும்? எனக்கு அந்த வேலை மிச்சம்,” என்பான். யாரும் சிரிக்கவில்லை என்றால் அவனே சிரிப்பான்.

பாரெண்ட் தம்பியின் கட்டைப் பார்க்கும்போதெல்லாம், “என்னடா கண்ணுல?” என்று கேட்டான். முதல் தடவை நான் உண்மையைச் சொன்னேன். அவனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று நினைத்தேன். அவன் நாற்காலியிலிருந்து எழுந்து, முற்றம் வரை நடந்து, அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதான். அறுபத்தொன்பது வயது மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான்கு நாள் கழித்து மறந்துவிட்டு மறுபடியும் கேட்டான். லூக்காஸ் பூசி மெழுகினான், அவன் விடவில்லை. எல்சபி சொன்னாள். மறுபடியும் அதே மண், அதே அழுகை, புதிதாகக் கேட்கிறவன் போலவே. மூன்றாவது தடவை, சாப்பாட்டு மேஜையில், அவன் என்னைப் பார்த்து, “யார் அடைச்ச தோட்டா அது?” என்று கேட்டான்.

லூக்காஸ் என்னைப் பார்த்தான். எல்சபி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னோடது, ஓபூட்,” என்றேன். “நான் அடைச்சது. மருந்து மாறிப்போச்சு.”

அவன் அழவில்லை. என் முன்னாலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, “எழுந்திரு,” என்றான்.

இதையும் மறந்துவிடுவான் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். அவன் மறக்கவில்லை. டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை. அடுத்த வருஷத்துக்குள் பண்ணையின் பெயர் போயிற்று, மகளின் பெயர் போயிற்று, சாப்பிட்டோமா இல்லையா என்பதும் போயிற்று. ஒக்கர்ட் தன் தம்பியின் கண்ணை எடுத்தவன் என்பது மட்டும் போகவில்லை. தேவாலயத்து வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னான். அவன் நிலை தெரிந்த சிலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். தெரியாதவர்கள் நம்பினார்கள். நான் எதையும் சொல்லித் திருத்தவில்லை. எல்சபி ஒரு தடவை, “நான் எல்லாருக்கும் சொல்லிடுறேன், ஒக்கர்ட்,” என்றாள். வேண்டாம் என்றேன். பெருந்தன்மையால் இல்லை. அந்தக் கல்மேட்டில் என் வாயிலிருந்து வந்த வார்த்தை எனக்கு நினைவிருந்தது.

இப்போது அவன் கார்னார்வனில் முதியோர் இல்லத்தில் இருக்கிறான். எல்சபி பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். லூக்காஸ் மாதம் ஒரு தடவை ப்ளூம்ஃபொன்டைனிலிருந்து பஸ் பிடித்து வருகிறான். போன மாதம் அவனோடு நானும் போனேன். பாரெண்ட் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். லூக்காஸைப் பார்த்து, “நீங்க யாருங்க?” என்று மரியாதையாகக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இவனை வெளிய அனுப்புங்க,” என்றான். “இவன் என் தம்பியைக் குருடாக்கினவன்.”

அவன் தம்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் வெளியே வந்து வண்டியில் ஏறினேன். எல்சபி பின்னாலேயே வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே வராதே, ஒக்கர்ட். நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாள் தூங்க மாட்டேங்கிறார்.”

சரி என்றேன். லூக்காஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்னாள். நான் வண்டியிலேயே காத்திருந்தேன்.